மணையில் உட்கார வேண்டியவர்

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
28.6.1996

அன்புள்ள பேத்தி கோதைநாயகிக்கு,

அம்மாச்சி இசக்கியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நான் இருக்கேன். நீ நல்லா இருக்கியான்னு முதல்ல கேட்டுட்டு மத்ததை எழுதுறதுதான் முறை. இன்னைக்கு அந்த முறைக்கு எனக்கு மனசில்லை. கடைசியில கேக்கிறேன், அதுக்குள்ள கோவம் தணிஞ்சிருந்தா.

உங்க அப்பா மூஞ்சி வீங்கி, கண்ணு ரெண்டும் மூடிக்கிட்டு, பாயில படுத்துக் கிடக்காவ. பதறாதே, உசிருக்கு ஒண்ணுமில்லை. பெரியாஸ்பத்திரியில ஊசி போட்டு, தடவ மருந்து கொடுத்திருக்காங்க. எதனால வீங்குச்சுன்னு கேளு. தலைக்குச் சாயம் அடிச்சதால. எழுபது வயசுல, பொறந்த நாள்ல இருந்து எண்ணெய் தவிர ஒண்ணும் படாத தலையில, கறுப்புச் சாயம்.

இந்த ஊர்ல அடிச்சா நாலு பேரு பார்ப்பாங்கன்னு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிப் போயி, மில்லுல வேலை பார்த்த காலத்துல முடி வெட்டிக்கிட்ட அதே சீனிச்சாமி கடையில அடிச்சுட்டு வந்திருக்காவ. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சாவ. வெயிலுக்குப் போட்டிருக்காவன்னு நினைச்சேன். சோறு வைக்கும்போதுதான் துண்டை எடுத்தாவ. யாரோ அசலூர்க்காரன் வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்க மாதிரி இருந்துச்சு. விடிஞ்சு பார்த்தா மூஞ்சி பணியாரமா உப்பிக் கிடக்கு.

ஆஸ்பத்திரியில டாக்டர் சின்னப் பையன். பெரியவரே, இந்த வயசுல இது எதுக்குன்னு கேட்டு சிரிச்சுட்டான். மகளுக்குக் கல்யாணம்னு சொன்னாவ. அந்தப் பையன் சிரிப்பை அடக்கிக்கிட்டான். எனக்கு அங்கேயே ஆரம்பிச்சது இந்தக் கோவம், இன்னும் ஆறலை.

போன வாரம் நீ மெட்ராஸ்ல இருந்து மருந்துக்கடைக்கு போன் பண்ணினே. நானும் கூடத்தான் போனேன். அவிய போனைக் காதுல வச்சுக்கிட்டு, சரி தாயி, சரி தாயி, அதுக்கென்ன தாயின்னு மட்டும் சொன்னாவ. திரும்பி வரும்போது என்ன விசயம்னு கேட்டேன். ஒண்ணுமில்லை அத்தை, தாரை வார்க்கும்போது தம்பதியா மணையில உக்காரணுமாம், மாப்பிள்ளை வீட்டுல சாங்கியம் பார்ப்பாவளாம், அதனால வேல்சாமியும் அவன் சம்சாரமும் உக்காரட்டும்னு கோதை சொல்லுது, பிள்ளை சொல்றது சரிதானேன்னாவ. நீங்க எங்கே இருப்பியன்னு கேட்டேன். பந்தியைப் பார்த்துக்கிடச் சொல்லிச்சு, அதுவும் முக்கியமான வேலைதானேன்னாவ. நடந்துக்கிட்டே சொன்னாவ. என் மூஞ்சியைப் பார்க்கலை.

ஏட்டி, வேல்சாமி யாரு? உங்க அப்பா கூடப் பொறந்தவன், அம்புட்டுத்தான். உன் ஆத்தா வெள்ளைத்தாய் மஞ்சக்காமாலையில போனப்ப, பதினாறாம் நாள் காரியம் முடியிறதுக்குள்ள, சுந்தரபாண்டியத்துல இருந்து ரெண்டாந்தாரத்துக்குப் பொண்ணு பார்த்துட்டு வந்தவன். அண்ணே, பொம்பளைப் பிள்ளையை வச்சுக்கிட்டு ஒத்தையில என்ன செய்வியன்னு ஊரு கூட்டி நியாயம் பேசினான். நீ அப்ப ஒண்ணாங்கிளாஸ். என் மடியில உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டு இருந்தே. அவிய ஒரே வார்த்தைதான் சொன்னாவ. நான் கல்யாணத்துக்குத் தேடலைடா, தலை பின்னத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு தேடுறேன்னாவ. எனக்குப் பின்னத் தெரியும்னேன். உங்களுக்கும் வயசாகுது அத்தை, நீங்களே எனக்குச் சொல்லிக் கொடுங்கன்னுட்டாவ.

என்னைவிட ரெண்டு வயசுதான் இளமை அந்த மருமகனுக்கு. மூணு தங்கச்சியைக் கட்டிக் கொடுத்து முடிக்கையில அவியளுக்குத் தலை பாதி நரைச்சுப் போச்சு. செவ்வாய் தோசம்னு தட்டிப்போயிக்கிட்டே இருந்த என் மகளுக்கு அப்படித்தான் அந்த மாப்பிள்ளை வந்தாவ. பந்தக்கால் நட்டன்னைக்கு இந்தத் தெருவே சிரிச்சுச்சு, மாமியாருக்கு மாப்பிள்ளையா மகளுக்கு மாப்பிள்ளையான்னு. அதையெல்லாம் காதுல வாங்காம வாழ்ந்த ஆளு, இன்னைக்கு உன் ஒரு போனுக்கு சாயம் அடிச்சுட்டு வந்து கிடக்காவ.

மில்லுல இருந்து கழிவு நூலைக் கொண்டு வந்து சன்னல் கம்பியில கட்டித் தொங்கவிட்டு, அதுல பின்னிப் பழகினாவ. வேலை விட்டு வந்ததும் அதுதான் வேலை. நான் அடுப்படியில இருந்து பார்ப்பேன். மூணு காலு எடுத்து, ஒண்ணை விட்டு ஒண்ணு போட்டு, தப்பாப் போனா அவுத்து மறுபடியும். நூலு பழகினதுக்குப் பொறவுதான் உன் தலையில கையை வச்சாவ. காலையில முதல் பஸ்சுக்கு முன்னாடி உன்னைத் தூக்கி உக்கார வச்சு, நீ தூங்கி விழ விழ, ரெட்டைப் பின்னல் போட்டு மடிச்சு ரிப்பன் கட்டிட்டுத்தான் மில்லுக்குப் போவாவ. நான் பின்றேன்னு சொன்னா விடமாட்டாவ. ஆத்தா இல்லாத பிள்ளையை ஊரு தலையைப் பார்த்துத்தான் எடை போடும் அத்தைன்னு சொல்லுவாவ.

மேஸ்திரி வேலை தேடி வந்துச்சு. மூணு ஷிப்டும் மாறி மாறிப் பார்க்கணும்னாங்க. வேண்டாம், பகல் ஷிப்டு மட்டும் கொடுங்க போதும்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தாவ. பொறவு அவியளுக்கு கீழே வேலை பழகின பயலுவ எல்லாம் மேஸ்திரியா வந்து அவியளையே வேலை ஏவினானுக. வீட்டுல வந்து அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாவ. நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசல்ல ஆளு நிக்கணும்ங்கிறதுதான் அவியளுக்குக் கணக்கு.

வ. புதுப்பட்டியில தோட்டத்துக் கிணத்துல உனக்கு நீச்சல் பழக்கினது நினைப்பிருக்கா? பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு நீச்சல்னு நானேதான் கேட்டேன். தண்ணியில யாரும் ஆணு பொண்ணு பார்த்து முக்குறதில்லைன்னாவ. முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டி உன்னை எறக்கிவிட, நீ படியைப் பிடிச்சுக்கிட்டு ஊரு கேக்க அழுதே. உனக்குப் பயம் தெளியணும்னு மேட்டுல ஏறி தொபீர்னு குதிச்சாவ. மில்லுல இருந்து வேலை ஓஞ்ச வயசு. இடுப்புல பிடிச்சுக்கிட்டு அந்தத் தை மாசம் முழுக்க நெளிஞ்சு நெளிஞ்சு நடந்தாவ. உன் முன்னால மட்டும் நிமிந்து நடந்தாவ. அது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பஸ்சுல உன்னை மடியில வச்சுக்கிட்டு போகும்போது, பெரியவரே பேத்தியான்னு எவனாவது கேப்பான். மகள்னு சொன்னா, இம்புட்டு லேட்டாவான்னு இளிப்பான். லேட்டா வர்ற பஸ்சுலதாம்ய்யா உக்கார இடம் கிடைக்கும்னு சொல்லி அவன் வாயை அடைப்பாவ. பஸ்சே சிரிக்கும். நீயும் சிரிப்பே. அப்பல்லாம் உனக்குக் கூச்சம் இல்லை.

நீ பெரிய மனுசியானப்ப வீட்டுக்குள்ள ஆம்பளை வரக்கூடாதுன்னு எதிர்த்தாப்ல டீக்கடையில போயி உக்காந்துக்கிட்டாவ. அங்கே இருந்து ஆளு மேல ஆளு அனுப்பி, பிள்ளை சாப்பிட்டுச்சா, வயித்து வலி இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தாவ. உளுந்தங்களிக்கு உளுந்தைத் தானே வறுத்து மாவு மில்லுல நின்னு அரைச்சுட்டு வந்தாவ. கருப்பட்டி நல்லதா இல்லைன்னு கடைக்காரன் கூடச் சண்டை. அந்தக் களியைத் தின்ன இடுப்புடி உனக்கு.

இதெல்லாம் செஞ்ச மனுசன் தாரை வார்க்கக்கூடாது. பொட்டப்பிள்ளைதானேன்னு உன்னைத் தூக்கிக்கூடப் பார்க்காத சித்தப்பன் வார்க்கணும். அவன் இப்பவே பட்டு வேட்டி எடுத்து வச்சுட்டானாம். மீசை கறுப்பா இருக்கு பாரு, அதான் தகுதி.

வீக்கத்தோட படுத்துக்கிட்டு நேத்து என்கிட்ட சொல்றாவ. மணையில வேல்சாமி உக்காரட்டும் அத்தை. போட்டோ எடுக்கும்போது ஓரமாவாவது நானும் நிப்பேன்ல. பின்னால யாராவது போட்டோவைப் பார்த்து, யாரு இந்தக் கிழவன்னு கேட்டா பிள்ளைக்குச் சங்கடமா இருக்கும். அதான் அடிச்சேன்னாவ. நான் எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் போயிட்டேன். செத்த நேரம் வரலை.

குருக்கள்கிட்ட போயிக் கேட்டேன். சம்சாரம் இல்லாதவுக பக்கத்துல கும்பம் வச்சு, அதுக்கு மஞ்சத் துணி சாத்தி உக்காரலாம், பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் சம்மதிச்சாப் போதும், நானே நடத்தி வைக்கிறேன்னு சொல்லிட்டாரு. என் மகளும் மணையில இருந்த மாதிரி ஆகும். அதனால இனி சாங்கியம்னு யாரும் என்கிட்ட பேச வேண்டாம். நீ உன் மாமியார்கிட்ட சொல்லு. உனக்கு வாய் இருக்கு. ஆபீசுல இங்கிலீசுல பேசுறியாமே, இதைத் தமிழ்ல பேசு.

இன்னும் கோவம் தணியலை. அதனால நல்லா இருக்கியான்னு கேக்கலை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
இசக்கியம்மாள்.

நான் எழுதினது அவியளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.


மடவார் வளாகம்,
ஆடிக் கடைசி வெள்ளி, 1996

கோதைக்கு அம்மாச்சி எழுதுவது.

உன் பதில் கிடைச்சுது. தேர்க் கூட்டமெல்லாம் கலைஞ்சு ஊரு இப்பத்தான் அடங்கியிருக்கு. என் மனசு அடங்கலை.

முதல்ல இங்கே நடந்ததைச் சொல்றேன். உன் கடுதாசியை தபால்காரர் அவிய கையில கொடுத்துட்டாரு. பிரிக்கலை, என்கிட்ட கொடுத்தாவ. உங்களுக்குத் தனியா ஏன் எழுதிச்சு, நீங்க என்ன அத்தை எழுதினியன்னு கேட்டாவ. மறைக்க எனக்குத் தெரியாது. திட்டி எழுதினேன்னேன். அம்புட்டுத்தான். இத்தனை வருசத்துல என் முன்னால குரலை உசத்திப் பேசினது அன்னைக்குத்தான். கல்யாணம் கூடி இருக்கிற பிள்ளை மேல ஒரு சொல்லு படலாமா, யாரைக் கேட்டு எழுதினிய, படணும்னா என் மேல படட்டும், என் மகளைத் திட்ட இந்த வீட்டுல யாருக்கும் உரிமை கிடையாதுன்னு கத்துனாவ. ராத்திரி சாப்பாடும் வேண்டாம்னுட்டாவ. நான் பேத்திக்குப் பாட்டியா, இல்லை தெருவுல போறவளான்னு நானும் திருப்பிக் கேட்டேன். மறுநாள் காலையில தானே காப்பி போட்டுக் கொண்டுவந்து என் பக்கத்துல வச்சுட்டு, சீனி போட்டிருக்கேன்னாவ. அதோட சமாதானம்.

மூஞ்சி வத்திடுச்சு. காதோரம் மட்டும் கறுத்துக் கிடக்கு. தலையில வேருக்குப் பக்கத்துல வெள்ளை எட்டிப் பார்க்குது. கல்யாணத்துக்கு முந்தி இன்னொரு தடவை கொஞ்சமாத் தொட்டுக்கிடட்டுமான்னு கேட்டாவ. சீனிச்சாமி கொடுத்து விட்ட டப்பாவைக் கிணத்துல போட்டுட்டேன்.

இனி உன் கடுதாசிக்கு வாரேன். நீங்க சொல்றது எனக்குப் புரியுது அம்மாச்சி, ஆனா மாப்பிள்ளை வீட்டுல சாங்கியத்துல ரொம்பக் கண்டிப்பு, அவங்க அம்மா ஒத்துக்கவே மாட்டாங்க, என் கையில ஒண்ணுமில்லைன்னு எழுதியிருந்தே. சரி, பிள்ளை பயப்படுது, நாமளே போயிப் பேசுவோம்னு செவ்வாய்க்கிழமை ராஜபாளையத்துக்குப் போனேன். அவிய கிட்ட கண்ணு ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டுப் போனேன்.

உன் மாமியாரைப் பத்தி நான் நினைச்சு வச்சிருந்தது வேற. வாசல்லயே நிப்பாட்டிப் பேசுவா, நாமளும் நாலு கேட்டுட்டு வரணும்னு பஸ்சுல சொல்லிப் பார்த்துக்கிட்டே போனேன். அந்த அம்மா அழகுத்தாய் என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. பின்னால பேண்டேஜ் துணித் தறி ஓடுற சத்தத்துல ஒண்ணும் கேக்காதுன்னு தறியை நிப்பாட்டச் சொல்லிட்டு எனக்கு மோர் கொடுத்துச்சு. நான் இன்னும் ஆரம்பிக்கலை. அதுவே கேட்டுச்சு, பெரியவருக்கு நெஞ்சுவலி இப்ப எப்படி இருக்குன்னு.

எந்தப் பெரியவருக்குன்னு கேட்டேன்.

உங்க மருமகனுக்குத்தான் அத்தை, கோதை சொல்லுச்சே, மணையில உக்கார முடியாது, டாக்டரு பொகையில இருக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு, அதனால சித்தப்பா சித்தி உக்காருவாகன்னு. நாங்களும் வருத்தப்பட்டோம், அவரு கையாலே வார்க்க முடியலையேன்னு சொல்லுச்சு. நீங்க சாங்கியம் பார்ப்பியன்னுல்ல நினைச்சேன்னேன். எங்க வீட்டுக்காரர் போனதுக்குப் பொறவு என் மூத்தவன் கல்யாணத்துல நானேதான் முன்னால நின்னேன், பேசுறவுக பேசட்டும்னு, நாங்க போயி சாங்கியம் பேசுவோமான்னு கேட்டுச்சு.

நான் என்ன சொல்லட்டும், சொல்லு. என் பேத்தி பொய் சொல்லுதுன்னு உன்னைக் கட்டப்போற வீட்டுல சொல்லட்டுமா? மோரைக் குடிச்சேன். இப்பத் தேவலை, டாக்டரு சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாரு, அதைச் சொல்லத்தான் வந்தேன்னு சொன்னேன். அந்த அம்மா சாமி படத்துக்கு முன்னால போயிக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. நான் கெளம்பும்போது அவிய நெத்தியில பூசிவிடச் சொல்லித் திருநீறு மடிச்சுக் கொடுத்துச்சு. அந்தப் பொட்டலம் என் சுருக்குப் பையில கிடக்கு. எடுத்துப் பூசக் கை வரலை.

ஏட்டி கோதை. நல்லா நடமாடுற மனுசனை நோயாளி ஆக்கிட்டியே. பழியைக் கொண்டுபோயி ஒண்ணும் அறியாத அந்தப் பொம்பளை தலையில போட்டுட்டியே. அவிய இங்கே உக்காந்துக்கிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பழைய மனுசங்க, அப்படித்தான் இருப்பாங்க, நாமதான் அனுசரிச்சுப் போகணும்னு எனக்குச் சமாதானம் சொல்றாவ.

எங்கே இருந்து வந்துச்சு இந்தப் புத்தின்னு எனக்குத் தெரியும். பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு அவங்க கூட வந்த ஒரு ஆளு, தாத்தா, பொண்ணோட அப்பாவைக் கூப்பிடுங்கன்னு அவியகிட்டயே சொன்னானே, அப்ப நீ கதவுக்குப் பின்னால நின்னே. உன் மூஞ்சி செத்துப் போனதை நான் பார்த்தேன். அவியளும் எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சாவ. நீ மட்டும் சிரிக்கலை. பிள்ளைக்கு அப்பாவைச் சொல்லிட்டானேன்னு கோவம் போலன்னு நான் பெருமையா நினைச்சேன். எம்புட்டு மடத்தனம்.

மூணாங்கிளாஸ்ல உங்க டீச்சர், தாத்தா வந்து கையெழுத்துப் போட்டாச் செல்லாது, அப்பாவைக் கூட்டிட்டு வான்னு சொன்னப்ப, இவருதான் எங்க அப்பா, தலை மட்டும்தான் தாத்தான்னு கிளாஸ்ல எந்திரிச்சுச் சண்டை போட்ட பிள்ளை நீ. அன்னைக்கு அவிய அதை என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ. மில்லுல போயும் சொல்லியிருக்காவ. அங்கே கொஞ்ச நாள் எல்லாரும் அவியளைத் தலை மட்டும் தாத்தான்னே கூப்பிட்டாங்களாம். அதுல அவியளுக்கு ஒரு கர்வம். அந்தப் பிள்ளைக்குப் படிப்பும் சம்பளமும் வந்ததும் நாக்கு எங்கே போச்சுன்னுதான் நான் கேக்கிறேன்.

அவியளைப் பார்த்தா வயசு தெரியத்தான் செய்யும். மத்த பிள்ளைகளோட அப்பனுக்கு வேலை இருந்துச்சு, சினேகிதம் இருந்துச்சு, சீட்டாட்டம் இருந்துச்சு. உங்க அப்பா எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்தாவ. அதனால உனக்கு முழுசாக் கிடைச்சாவ. இந்தத் தெருவுல எந்தப் பிள்ளைக்கும் அப்படிக் கிடைக்கலை. உன் வயசுப் பிள்ளைக பாதிப் பேருக்கு அப்பன்னா வீட்டுக்குள்ள வந்ததும் பேச்சை நிறுத்திக்கிடணும்ங்கிறது மட்டும்தான் தெரியும். நீ அவிய வந்த பொறவுதான் பேசவே ஆரம்பிப்பே.

நான் ராஜபாளையம் போனதை, அங்கே கேட்டதை, ஒண்ணையும் அவியகிட்ட சொல்லலை. சொல்லவும் மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்டிப்பானவங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறது அவியளுக்குச் சுகம். சொந்த மகதான்னு தெரிஞ்சா சோறு எறங்காது. அப்பவும் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டாவ, அதுதான் எனக்குப் பயம்.

ஆவணி முதல் வாரம் நீ வரணும். வந்ததும், செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி, அப்பா, மணையில நீங்கதான் உக்காரணும்னு சொல்லு. மாப்பிள்ளை வீட்டுல ஒத்துக்கிட்டாவளான்னு கேப்பாவ. நான் பேசினேன், ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லு. வேல்சாமிகிட்டயும் நீயே சொல்லு, அவன் வேட்டியை வேற கல்யாணத்துக்குக் கட்டிக்கிடட்டும். உண்மையைச் சொல்லி, அப்பா கால்ல விழுந்து அழுது, உன் மனசைக் கழுவிக்கிடலாம்னு மட்டும் நினைக்காதே. உனக்கு லேசாயிடும். அவியளுக்கு அது சாகுற வரைக்கும் நெஞ்சுல கிடக்கும். நீயே வச்சுக்கிடு. நானும் வச்சுக்கிடுறேன். சாமி கேட்டா ரெண்டு பேரும் பதில் சொல்லிக்கிடுவோம்.

கும்பத்துக்குச் சாத்த உன் ஆத்தாளோட கூறைச் சேலையை எடுத்துத் துவைச்சுக் காயப் போட்டிருக்கேன். அவிய வந்து அதைத் தொட்டுப் பார்த்துட்டு, எதுக்கு அத்தை இப்ப இதுன்னு கேட்டாவ. அந்துப்பூச்சி அரிக்குதுன்னு சொல்லிட்டேன். நீ வர்ற வரைக்கும் எனக்கு இந்தப் பொய்யே போதும்.

நல்லா இரு தாயி. மஞ்சளும் பூவுமா, புருசனோட நெடுங்காலம் இரு. உன் வயித்துல பொறக்கிற பிள்ளைக்கு, எம்புட்டு வயசானாலும் சரி, உங்க அப்பாவை மாதிரி ஒரு அப்பா அமையட்டும்.

இப்படிக்கு,
உன் மேல கோவம் இன்னும் தீராத அம்மாச்சி,
இசக்கியம்மாள்.